சித்தப்பாவின் மாத்திரையும் அப்பாவின் மூச்சும்

தங்கச் சுரங்கம் மூடிய பிறகு எங்கள் சித்தப்பா பார்க்காத வேலை இல்லை. பங்காருப்பேட்டையில் பழக்கடை வைத்தார், பெங்களூரில் காவலாளியாக நின்றார். எதுவும் நிலைக்காமல், கடைசியில் ஏதோ ஒரு கம்பெனியின் சத்து மாத்திரைகளை வீடு வீடாக விற்க ஆரம்பித்தார். எங்கள் சுரங்கக் குடியிருப்பான சாம்பியன் ரீப்ஸின் வெயிலில் கழுத்தில் டை கட்டி நடந்தவர் அவர் ஒருவர்தான்.

முதலில் வாங்கியவர் அப்பா. பூமிக்கடியில் கல் உடைத்த தூசி அவர் நெஞ்சிலேயே தங்கிவிட்டிருந்தது. ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே மூச்சு வாங்கும். சித்தப்பா ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, காயத்துக்குப் போடும் அயோடினைச் சொட்டினார். தண்ணீர் பழுப்பானது. ஃப்ரீ ராடிக்கல் என்று ஒன்று இருக்கிறது, அது உடம்பிலுள்ள புரதத்தையெல்லாம் இப்படித்தான் துருப்பிடிக்க வைக்கிறது என்றார். பிறகு ஒரு மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கலக்கினார். தண்ணீர் தெளிந்துவிட்டது. நான் கைதட்டினேன். அப்பா டம்ளரைப் பார்க்கவில்லை. தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று நான் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் புரதங்களோடு மல்லாடிவிட்டு, ரயிலில் தூங்கி வழிந்தபடி வீடு திரும்புகிறேன். சித்தப்பா சொன்னதில் பாதி உண்மை. ஜோடியில்லாத எலக்ட்ரானோடு திரியும் அந்த மூலக்கூறுகள், அமினோ அமிலங்கள் கோத்த புரதச் சங்கிலியைத் தாக்கும். மெத்தியோனின், டிரிப்டோபன் போன்ற கண்ணிகள் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும். மடிப்பு குலையும், புரதம் வேலை செய்யாமல் போகும். நுரையீரலைக் காக்கும் ஒரு புரதத்துக்கு ஒரே ஒரு மெத்தியோனின் கெட்டாலே போதும். ஆனால் கல்தூசி உள்ளே இருக்கும்வரை அந்த மூலக்கூறுகள் புதிது புதிதாக உண்டாகிக்கொண்டே இருக்கும். டம்ளரில் அது தெரியாது.

அந்த நாட்களில் அப்பா மாத்திரைகளைத் தவறாமல் விழுங்கினார். வரும்போதெல்லாம் சித்தப்பா கேட்பார், "இன்னாண்ணா, மூச்சு எப்டி கீது?"

"பரவால்லடா, கொஞ்சம் லேசா கீது" என்பார் அப்பா. தம்பி தெருமுனை தாண்டியதும் கட்டிலில் சாய்ந்து இருமுவார்.

அந்த நம்பிக்கையில்தான் சித்தப்பா பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான கோரமண்டலில் ஒரு கூட்டம் போட்டார். குணமானதற்குச் சாட்சி சொல்ல அப்பாவை அழைத்துப் போனார், நானும் போனேன். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்பாவோடு ஒரே ஷிப்டில் கேஜில், அந்த இரும்புக் கூண்டில், சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். டம்ளர் தெளிந்தபோது இருமலுக்கு நடுவே தலையாட்டினார்கள். சிலர் வாங்கவே எழுந்துவிட்டார்கள். அப்பா மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர்களைப் பார்த்தார். பேசுமளவுக்கு மூச்சைச் சேர்க்க வெகுநேரமாயிற்று.

"என் தம்பி பொய் சொல்றவன் இல்லீங்க. நம்பித்தான் விக்கிறான். ஆனா எனக்கு இது கேக்கல. வாங்காதீங்க."

கூட்டம் கலைந்தது. சித்தப்பா நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கிச் சுவரோரம் சாய்த்தார்.

எனக்கு அப்பாமேல் ஆத்திரமாக வந்தது. வீட்டில் லேசாக இருக்கிறது என்றவர், இத்தனை பேர் முன்னால் தம்பியை ஏன் தலைகுனிய வைத்தார்? திரும்பும் வழியில், மேட்டில் அப்பா மூச்சு முட்டி நின்றபோதெல்லாம் சித்தப்பாவும் நின்றார். வேறு பக்கம் பார்த்தபடி, அண்ணன் சாய்ந்துகொள்ளத் தோளை மட்டும் கொடுத்தார். இரண்டு பேருக்கும் சண்டை, இனி பேசிக்கொள்ளவே மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன்.