மேடத்தின் நாலு புள்ளி

எங்கள் வீட்டுப் பூனைக்குப் பெயர் கிடையாது. மேடம் என்றுதான் கூப்பிடுகிறோம். பெயர் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அனுப்ப மனசு வராது என்று ஆரம்பத்தில் நான்தான் தடுத்தேன். பெரிய புத்திசாலி! இன்றைக்கு "மேடம் சாப்ட்டாங்களா?" என்று கேட்காமல் எனக்கு ஒரு வாய் சோறு இறங்குவதில்லை.

வந்தது ஒரு மழை நாளில். ஆம்பூர் பஜாரில் கறிக்கடை வாசலில் நனைந்துகொண்டிருந்ததை என் மனைவி முந்தானையில் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். உள்ளங்கை அளவுதான் இருந்தது. நான் எகிறிக் குதித்தேன்.

"கார்டுல இன்னா போட்டிருக்குன்னு தெரியுமா தெரியாதா?"

"மழ வுட்டதும் போய்டும்ங்க" என்றாள். மழை விட்டு மூன்று வருஷம் ஆகிறது.

அந்தக் கார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஒரு ஷூ ஃபேக்டரியில் செக்கர். என் மனைவி அதே ஃபேக்டரிக்காக வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோலைக் கையால் தைக்கிறாள். அப்பர் என்போம். சனிக்கிழமை வேன் வந்து பண்டல் இறக்கும், புதன்கிழமை தைத்ததை ஏற்றிக்கொண்டு போகும். வீட்டில் தைக்கிறவர்களுக்குக் கம்பெனி கொடுத்த கார்டில் மூன்றாவது வரி இது: வீட்டில் நாய், பூனை, கோழி இருக்கக் கூடாது, இருந்தால் வேலை கிடையாது. ஆக, மேடம் இருப்பது வெளியே தெரிந்தால் ஒன்று அவர் போக வேண்டும், இல்லை மனைவியின் வேலை போக வேண்டும். அந்தக் கார்டை வீடு வீடாகப் போய்ப் படித்துக் காட்டியவனே நான்தான். ஊருக்குத்தானே உபதேசம்!

மேடத்தின் சட்டதிட்டங்கள் தனி. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் குடிக்க மாட்டார். குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்துவிட வேண்டும், குடித்து முடிக்கும்வரை நான் பக்கத்தில் நிற்கவும் வேண்டும். படுக்கை என்று அவர் ஏற்றுக்கொண்டது குழந்தைகள் ஷூ வரும் அட்டைப் பெட்டியை மட்டும்தான். அதில் கால்வாசி உடம்புதான் அடங்கும், மீதி நாலு பக்கமும் பிதுங்கி வழியும். பாவமாக இருக்கிறதே என்று பெரிய பூட்ஸ் பெட்டி ஒன்று கொண்டுவந்து வைத்தேன். மோந்து பார்த்தார், என்னையும் ஒரு பார்வை பார்த்தார், போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிப் பொட்டலம் வந்தால் பிரிக்கும்வரை என் கால்களைச் சுற்றிச் சுற்றி வருவார். முதல் கறித்துண்டு அவருக்குத்தான், அதுவும் மசாலாவைக் கழுவித் தர வேண்டும். கழுவுவது நான். "எனுக்கு ஒரு நாளாச்சும் இப்டி செஞ்சிருக்கீங்களா?" என்பாள் மனைவி. நான் அடுத்த துண்டைக் கழுவப் போய்விடுவேன்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த மாவு பிசைவது இருக்கிறதே! பாசம் பொங்கிவிட்டால் மேடம் முன்னங்கால்களை மாற்றி மாற்றி அழுத்திப் பிசைவார், அப்படியே சப்பாத்திக்குப் பிசைகிற மாதிரி. தொண்டையில் கர்ரென்று மோட்டார் ஓடும், கண் சொருகும், நகம் வெளியே வந்து வந்து போகும். என் தொடை சல்லடை, லுங்கி சல்லடை. சுருக் சுருக்கென்று வலிக்கும், ஆனால் தட்டிவிடத் தோன்றாது. ஒரு ஜீவனுக்கு நம்மைக் கண்டு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

வேன் வரும் நாளில்தான் கூத்து. ஹாரன் கேட்டதும் மனைவி மேடத்தைத் தூக்கிக் குளியலறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவாள். உள்ளேயிருந்து மியாவ் வரும். இவள் உடனே வெளியே நின்று இருமுவாள். மியாவ், இருமல், மியாவ், இருமல். "யக்கா, நல்ல டாக்டரா பாருங்க, வருஷக்கணக்கா இருமறீங்களே" என்று வேன் டிரைவர் ஒருநாள் நிஜமாகவே கவலைப்பட்டார்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்திருக்கும். போன வருஷம் ஃபேக்டரிக்குப் புது வகை ஆட்டுத்தோல் வந்தது. அப்படி ஒரு மெத்து. வெண்ணெயைத் தொடுகிற மாதிரி இருக்கும்.

என் தொழிலில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன். தோலில் விரலை ஓட்டியே சொல்லிவிடுவேன்: இது முள் கீறியது, இது உண்ணி கடித்தது, இது சொறி வந்து ஆறியது. சில்வர் பேனாவை எடுத்துக் குறையைச் சுற்றி வட்டம் போட்டேன் என்றால் போட்டதுதான், அப்பீல் கிடையாது. அன்றைக்கு என் மனைவி தைத்த பண்டல் மேசைக்கு வந்தது. ஆறு அப்பரில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். நாலு நாலாக, பிறை வளைவில். என் மனைவி கையில் குறை வராது. குறை என்றால் அது தோலில்தான். உண்ணி என்று தீர்ப்பு எழுதி ஆறையும் ஒதுக்கிவிட்டேன்.

தோலை வெட்டும் கட்டிங் மாஸ்டர் பாய் என் தோஸ்த். பதினெட்டு வருஷமாக ஒருவர் டிபனில் இன்னொருவர் கைவைத்துச் சாப்பிடுகிறவர்கள் நாங்கள். உண்ணி கடித்த இடத்தை ஒதுக்கிவிட்டு வெட்டுவது அவர் பொறுப்பு. நேராக அவரிடம் போனேன்.

"இன்னா பாய், உண்ணி கடிச்சதையெல்லாம் வெட்டி அனுப்பிட்ட? கண்ணு தெரியலன்னா கண்ணாடி போடு!"

அவர் அப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது உண்ணி இல்ல தோஸ்த். உண்ணி கடிச்சது ஆட்டு மேலயே ஆறி ஓரம் மழுங்கிடும். இது ஓரம் கூரா இருக்கு, புதுசு. மத்த வூட்டு பண்டல்ல ஒண்ணுமில்ல. உன் வூட்டு பண்டல்ல மட்டும் எப்டி?"

"என் பொண்டாட்டி வேலையவா கொற சொல்ற? உண்ணின்னா உண்ணிதான்!" நாற்பது பேர் பார்க்கக் கத்தினேன். சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். பாயைத் தோல் மேசையிலிருந்து எடுத்து லைனிங் துணி வெட்டும் மேசைக்குப் போட்டுவிட்டார். புதுசாகச் சேர்ந்தவர்கள் நிற்கும் மேசை அது. மதியம் பாய் டிபனைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய் உட்கார்ந்தார். போகட்டும், தப்பு அவருடையது என்று நானும் வீறாப்பாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி முடிந்து, குடியாத்தத்தில் எடுத்த புது லுங்கியைக் கட்டிக்கொண்டு சாய்ந்தேன். மேடம் மடியில் ஏறி ஆசை தீரப் பிசைந்துவிட்டு இறங்கிப் போனார். குனிந்து பார்த்தேன். பச்சை லுங்கியில் நூல் இழுத்து நாலு புள்ளி. பிறை வளைவில்.

அதே புள்ளி! எழுந்து உள்ளறைக்கு ஓடினேன். அடுத்த பண்டல் மேல் துணி போர்த்தியிருந்தது. துணியை ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த வெண்ணெய்த் தோலின் மேல் நின்று மேடம் பிசைந்துகொண்டிருந்தார். மோட்டார் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க சொல்லலன்னா பாய் அண்ணன் துணி மேசையிலயே நிப்பாரா?"

"நிப்பாரு."

"சொன்னா?"

"மேடம் போணும். இல்லன்னா உன் வேலை போணும்."

மேடம் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து மல்லாந்து வயிற்றைக் காட்டினார். என் தங்கை வீட்டில் விட்டுவிடலாமா என்று கேட்க வாயெடுத்தேன். ஐம்பது வயது ஆண்பிள்ளை, ஒரு பூனைக்காகக் கண் கலங்கி நிற்கிறேன். மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள்.

"வேலைய வேற கம்பெனில கேட்டு வாங்கிப்பேன். மேடத்த எங்க போய் கேக்கறது? போய் சொல்லிட்டு வாங்க."

திங்கட்கிழமை டீ நேரத்தில், அதே நாற்பது பேர் முன்னால் நின்று சொன்னேன். "அது உண்ணி இல்ல. எங்க வூட்டுப் பூனை. பாய் சொன்னதுதான் சரி. தப்பு என்னுது."

தகர ஷெட்டே அதிர்கிற மாதிரி சிரிப்பு. மேனேஜர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு திரும்பி, கார்டின் மூன்றாவது வரியை எனக்கே படித்துக் காட்டினார். பாய் தோல் மேசைக்குப் போனார். எங்கள் வீட்டுக்குப் பண்டல் நின்றது. எல்லாரும் சிரித்தார்கள், பாய் மட்டும் சிரிக்கவில்லை, என் பக்கம் பார்க்கவும் இல்லை. வேலை போனதைவிட எனக்கு அதுதான் தாங்கவில்லை.

புதன்கிழமை மிச்சப் பண்டலை எடுக்க வேன் வந்தது. அன்றைக்கு யாரும் இருமவில்லை. மேடம் வாசற்படியில் வந்து உட்கார்ந்து கால் நக்கினார். டிரைவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அடடே, இவங்கதானா அந்த இருமல்!" என்றார்.

வெள்ளிக்கிழமை ஃபேக்டரியில் கரண்ட் வேலை என்று விடுமுறை. மதியத் தொழுகை முடிந்த நேரம். வாசலில் ஸ்கூட்டர் நின்றது. வெள்ளை ஜிப்பாவில் பாய், காலடியில் ஒரு பண்டல்.

"இன்னா முழிக்கிற? எறக்கு" என்றார். "இது ஸ்வேட். மேல பொசு பொசுன்னு இருக்கும். லேசா நகம் பட்டாலும் பிரஷ் போட்டா தெரியாது. உள் ரூமுக்கு நீ கதவு போட்டுடுவன்னு நேத்து நான் மேனேஜர்கிட்ட ஒத்துக்கினேன், அதான் பண்டல் குடுத்தாரு. போட்டாச்சான்னு வாரா வாரம் வந்து பாப்பேன்."

"பாய்..." என்றேன்.

"சும்மா பேஜார் பண்ணாத தோஸ்த். எங்க அந்த உண்ணி?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்ததுதான் தாமதம், மேடம் தாவி மடியில் ஏறிவிட்டார். முகத்தை அவர் தாடியில் இரண்டு தேய் தேய்த்தார். அப்புறம் தொடங்கிவிட்டார், இடது, வலது, இடது, வலது. வெள்ளிக்கிழமை ஜிப்பா, கஞ்சி போட்டு இஸ்திரி செய்தது! என் மனைவி "ஐயையோ" என்று ஓடி வந்தாள். பாய் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். மேடம் பிசைந்து முடித்து, சுருண்டு, அங்கேயே தூங்கும்வரை பாய் அசையாமல் இருந்தார்.

பிறகு ஜிப்பாவை மெதுவாக இழுத்துப் பார்த்தார். நூல் இழுத்து நாலு புள்ளி. அவர் விடுமுறை நாளிலும் என் சட்டைப் பையிலிருந்த சில்வர் பேனாவை உருவி என் கையில் கொடுத்து, புள்ளியைக் காட்டினார்.

"செக்கர் சார், இது இன்னா?"

"உண்ணி பாய்" என்றேன்.

"அதான் நானும் நெனச்சேன்" என்றார், மேடத்தின் தலையைத் தடவிக்கொண்டே.