அண்ணன் தடுத்த ஆணி

பதிவு அலுவலக வாசலில் மனு தட்டச்சு செய்து பிழைக்கும் எங்கள் இருவரில் அவள்தான் வேகக்காரி. நான் ஒரு பக்கம் முடிப்பதற்குள் இரண்டு முடித்துவிட்டு, என் பிழைகளையும் சுட்டிக்காட்டுவாள். லேசில் யாரையும் பகைக்கமாட்டாள். பகைத்தால் விடமாட்டாள். அப்படி அவள் பகைத்தது கூடப் பிறந்த அண்ணனை.

பதினோரு வருடங்களுக்கு முன் அவள் கணவனுக்கு இதய அறுவை சிகிச்சை. மரக்கடை வைத்திருந்த அண்ணன் பணம் கொடுத்து, அவளுடைய இரண்டு அறை வீட்டின் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டார். அதில் தப்பில்லை, கடன் கொடுக்கிறவன் கேட்பான்தான். ஆனால் கணவன் பிழைக்கவில்லை. மூன்றாவது வாரம் அவன் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, மாட்டுவதற்குச் சுத்தியலை எடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்து கையைப் பிடித்துவிட்டார்.

"ஆணியெல்லாம் அடிக்காத. சுவர் விரிசல் விட்டா நாளைக்கு எவன் வாங்குவான்? கடன் தீர்ற வரைக்கும் இது என் வீடுன்னு நெனச்சுக்க."

படம் பீரோ மேல் ஏறியது. அவர் வரும்போதெல்லாம் சுவரைத் தட்டிப் பார்ப்பார். பிறகு பீரோவை அண்ணாந்து பார்த்து, "மாப்பிள்ளைக்கு அங்கயே நல்லா காத்து வருது" என்று சிரிப்பார். அவளும் வட்டியை நீட்டியபடி சிரித்து வைப்பாள். மறுநாள் தட்டச்சுப் பொறி படும் பாட்டிலேயே அண்ணன் வந்துபோனது எனக்குத் தெரிந்துவிடும்.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அசலைச் சேர்த்தாள். போன மாதம் ஒருநாள் என்னைச் சாட்சிக்குத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். அண்ணன் பத்திரத்தோடு வந்தார். புதுக் கடைக்கு அன்று மாலைக்குள் முன்பணம் கட்டியாக வேண்டும் என்று அவசரத்தில் இருந்தார். அவள் ரசீதை இரண்டு பிரதி தட்டச்சு செய்து வைத்திருந்தாள்.

"சத்தமா படிங்கண்ணே. நாளைக்குத் தெரியாம கையெழுத்துப் போட்டேன்னு சொல்லக்கூடாது பாருங்க."

படித்தார். அசல், வட்டி, தேதி எல்லாம் சரி. கடைசி வரியில் குரல் இறங்கியது. 'கடன் தீரும்வரை, இறந்துபோன தங்கை கணவரின் படத்தை மாட்ட ஓர் ஆணிகூட அடிக்கவிடாமல் தடுத்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.'

"இது எதுக்கு இங்க?"

"நடந்ததுதானே? பிடிக்கலன்னா விடுங்க. அசலையும் மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா தர்றேன். எனக்கென்ன அவசரம்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினேன். இரக்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. இரண்டு பிரதியிலும் கையெழுத்துப் போட்டார்.

பத்திரத்தை வாங்கி, பக்கம் பக்கமாகச் சரிபார்த்து, ஒரு ரசீதோடு பீரோவில் வைத்துப் பூட்டினாள். பிறகுதான் பணத்தைக் கொடுத்தாள். அவர் எழுந்தார்.

"ஒரு நிமிஷம்ணே. இந்த ஸ்டூல் ஆடுது, கொஞ்சம் பிடிச்சுக்குங்க."

பிடித்தார். சுத்தியலோடு ஏறி, கூடத்துச் சுவரில் ஆணி அடித்து, கணவனை மாட்டினாள். இறங்கவில்லை. பக்கத்தில் இன்னொன்று அடித்தாள். சுண்ணாம்பு உதிர்ந்து அண்ணன் தலையில் விழுந்தது.

"ஒரு படத்துக்கு எதுக்கு ரெண்டு ஆணி?" என்றார், முடியைத் தட்டிக்கொண்டே.

அவள் இறங்கி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கண்ணாடிச் சட்டத்தை எடுத்தாள். உள்ளே படம் எதுவும் இல்லை. அவர் தனக்கென்று நினைத்திருந்த, மேசை மேலேயே கிடந்த இரண்டாவது ரசீதை அதில் செருகினாள். அளவு கச்சிதமாக இருந்தது. கணவனின் படத்துக்குப் பக்கத்தில், வாசலில் நுழைகிற எவர் கண்ணிலும் படும்படி மாட்டினாள்.

"அடுத்த தடவை வந்தா, இதைப் படிச்சுட்டு உட்காருங்கண்ணே."

அவர் ஸ்டூலை விட்டுவிட்டு வெளியே போனார். அதன்பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.