மலை சுருங்கிய காலை

எங்கள் பழைய பிக்கப் வண்டியின் ஸ்டீயரிங்குக்குப் பின்னால், மீட்டர் கண்ணாடிக்குக் கீழே, தீப்பெட்டி அளவில் ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருக்கிறது. மேலே ஒட்டிய டேப் பழுப்பேறிவிட்டது. 'மீட்டர் 13, மலை 14' என்று அதில் நீல மையில் எழுதியிருக்கும். எழுதியவர் எங்கள் டிரைவர் பாய். வண்டியில் புதிதாக ஏறுகிறவர்கள் இது என்ன கிரிக்கெட் ஸ்கோரா என்று கேட்பார்கள். கேட்டவரை நான் லேசில் விடமாட்டேன். அவர் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனாலும் முழுக் கதையையும் சொல்லித்தான் இறக்கிவிடுவேன். அந்தக் கதையில் நான் நடந்துகொண்ட விதம் பெருமைப்படும்படி இல்லை. ஆனாலும் அந்தக் காலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உட்கார்ந்த இடத்தில் உட்கார முடிவதில்லை.

வேங்கிக்காலில் என் சித்தப்பாவுக்குக் கட்டுமானப் பொருள் கடை. கணிதம் படித்துவிட்டு, வேறு வேலை கிடைக்கும்வரை என்று அந்தக் கடையில் போய் உட்கார்ந்தவள் நான், இன்னும் எழுந்திருக்கவில்லை. சித்தப்பாவுக்கு வண்டி என்றால் உயிர். சிமென்ட்டும் கம்பியும் ஏற்ற ஒரு சின்ன லோடு வண்டி போதும் என்று வீட்டில் எல்லோரும் தலைபாடாக அடித்துக்கொண்டும் கேட்காமல், நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் பெரிய பிக்கப் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். முன்னால் கார் மாதிரி இரண்டு வரிசை இருக்கை, பின்னால் சரக்கு ஏற்றத் திறந்த தொட்டி. சிமென்ட் மூட்டைகளை அடுக்கிக்கொண்டு ஜவ்வாது மலை வளைவுகளில் அது உறுமிக்கொண்டு ஏறுவதைப் பார்த்தால், திட்டியவர்களுக்கும் கொஞ்சம் ஆசை வந்துவிடும். விற்றவர் லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுக்கும் என்று சத்தியம் செய்திருந்தார். எந்தச் சாலையில், எவ்வளவு பாரத்தோடு என்று அவரும் சொல்லவில்லை, சித்தப்பாவும் கேட்கவில்லை.

அந்தப் பதினைந்து எனக்குத் தூக்கம் வராமல் செய்தது. ஒருவர் ஒரு எண்ணைச் சொன்னால் அதைப் பிரித்து மேய்ந்துவிட வேண்டும் எனக்கு. டேங்கைக் கழுத்துவரை நிரப்பி, மீட்டரைப் பூஜ்யமாக்கி, ஓடி முடித்ததும் மறுபடி கழுத்துவரை நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தேன். காலி வண்டியாகப் போளூர் போய் வந்தால் பதின்மூன்று. பாரத்தோடு ஜவ்வாது மலை ஏறினால் ஒன்பது. சித்தப்பா ஏசியைப் போட்டுக்கொண்டு ரோட்டோரம் நிறுத்திப் போன் பேசிய நாளில் அதுவும் இல்லை. டயரில் காற்று இறங்கினால் ஒரு எண், பாய் ஓட்டினால் ஒரு எண், சித்தப்பா ஓட்டினால் வேறு எண். எல்லாவற்றையும் கூட்டிக் கலந்தால் பன்னிரண்டு நின்றது. ஒரே வண்டிக்குள் இத்தனை வண்டிகளா என்று எனக்கு ஒரே குதூகலம்.

அந்தக் குதூகலத்தில் பங்கெடுத்த ஒரே ஆள் பாய்தான். இருபத்தைந்து வருடம் லாரி ஓட்டிவிட்டு எங்களிடம் வந்தவர். அளந்து பேசுவார், அதைவிட அளந்து ஓட்டுவார். தூரத்தில் மாடு கடப்பது தெரிந்தாலே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார்; வண்டி மாட்டருகே போய்ச் சேரும்போது மாடு கடந்திருக்கும். "பிரேக்க மிதிக்கிறது, டேங்க்ல ஊத்துனத ரோட்ல ஊத்துற மாதிரிம்மா" என்பார். நான் வகுத்துச் சொல்லும் எண்ணுக்காகக் கடை வாசலில் காத்துக்கொண்டு நிற்பார். முன் முறையைவிட அரை கிலோமீட்டர் கூடியிருந்தால், அன்று முழுவதும் அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும்.

இப்படி இருக்கையில் சித்தப்பா சென்னையில் எங்கோ உயரமான, அகலமான டயர் போட்ட பிக்கப் ஒன்றைப் பார்த்து மனதைப் பறிகொடுத்துவிட்டார். ஒரே வாரத்தில் எங்கள் வண்டிக்கும் அதே மாதிரி நான்கு டயர் வந்து ஏறிவிட்டது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வண்டிக்குப் புதிதாக எது செய்தாலும், இன்ஜினைப் பிரித்து மூட்டினாலும் சரி, கண்ணாடி மாற்றினாலும் சரி, எங்கள் ஊர்க் கிரிவலப் பாதையில் மலையை வலப்பக்கம் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் சரக்கு ஏற்றுவோம். பாய் அந்த வழக்கத்தை எங்களைவிடக் கறாராகப் பிடித்துக்கொண்டிருந்தார். டயர் மாட்டிய நாள் பௌர்ணமி. பாதை முழுக்க ஜனம். வண்டிகளை உள்ளே விடவில்லை. "நாளைக்கு சுத்திக்கலாங்க" என்றார் பாய். சித்தப்பாவுக்குப் பொறுமை இல்லை. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு அன்றே லோடு அனுப்பிவிட்டார். அந்த ஒரு சுற்றைத் தவறவிட்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அடுத்த முறை வகுத்தபோது பதினொன்றுகூட வரவில்லை. அதற்கடுத்த முறையும் அப்படியே. காற்று பார்த்தோம், சரியாக இருந்தது. ஃபில்டர் மாற்றினோம். டயர் கனம், அதனால் கொஞ்சம் குறையும் என்று எனக்கே தெரியும். ஆனால் இவ்வளவா குறையும்? தூரம் மீட்டரில் இருக்கிறது, லிட்டர் பங்க் ரசீதில் இருக்கிறது, மிச்சம் இருப்பது ஆள் மட்டும்தான் என்று என் புத்தி போயிற்று. ஒரு மாதம் உள்ளுக்குள் வைத்துப் புழுங்கினேன். பாய் வழக்கம்போல வாசலில் வந்து நின்று "எவ்ளோம்மா வந்துச்சு?" என்று கேட்டபோதெல்லாம், திருடிவிட்டு எத்தனை அப்பாவியாகக் கேட்கிறார் பார் என்று நினைத்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

செங்கம் சாலையில், மலை சுற்றுகிறவர்கள் நடக்கும் பாதையிலேயே ஒரு பங்க் உண்டு. எங்கள் ஊர் லோடு வண்டிக்காரர்கள் கூடுமிடம் அது. ஒரு நாள் நானும் பாயோடு போயிருந்தேன். டேங்க் நிரம்பியதும் வகுத்தேன், பத்தே முக்கால். அங்கேயே எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. பக்கத்தில் நான்கு டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதுகூட உறைக்கவில்லை. "பாய், டீசல் எங்கதான் போவுது? கேன்ல புடிச்சி யாருக்குனா குடுக்கிறீங்களா?" என்று கேட்டேவிட்டேன். டீ கிளாஸ்கள் அப்படியே நின்றன. அந்த வார்த்தை ஒரு டிரைவரை என்ன செய்யும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முன்பு ஒருவர் அப்படி மாட்டிக்கொண்டு, ஊரே அவருக்குக் 'கேன்' என்று பெயர் வைத்துவிட்டது. அதற்குப் பிறகு எந்த ஷெட்டிலும் யாரும் அவர் கையில் சாவி கொடுக்கவில்லை.

பாய் சத்தம் போடவில்லை. கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு காலைல நீயே பக்கத்துல உக்காரும்மா. இங்கயே கழுத்து வரைக்கும் ஊத்திக்குனு மலைய அஞ்சு சுத்து சுத்துவோம். ஏறுறதும் எறங்குறதும் அங்க சமம். அப்பவும் கம்மியா வந்தா, நீ சொன்னது நெசம்னு ஒத்துக்குனு சாவிய சித்தப்பா கைல குடுத்துட்டுப் போயிடுறேன்" என்றார். தான் எடுக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் வண்டி ஏன் குடிக்கிறது என்பது அவருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றின் மேல் தன் பிழைப்பையே பந்தயமாக வைத்துவிட்டாரே என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் விடிந்ததும் பங்கில் இருந்தோம். டீசல் நுரை அடங்கட்டும் என்று பாய் வண்டியைத் தோளால் தள்ளித் தள்ளி ஆட்டினார். மூடி விளிம்பில் டீசல் மினுமினுக்கும்வரை நிரப்பினோம். நான் மீட்டரைப் பூஜ்யமாக்கினேன். வலப்பக்கம் மலை கூடவே வந்தது. அடி அண்ணாமலையில் கடைகளைத் திறந்துகொண்டிருந்தார்கள், ஊருக்குள் பூ வண்டிகள் குறுக்கே நின்றன. சுற்றி முடித்து மறுபடி பங்க் வாசலைத் தொட்டபோது மீட்டரைப் பார்த்தேன். பதின்மூன்று. நான்தான் மீட்டர் பொத்தானைத் தாமதமாக அழுத்திவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்து, பங்க் பலகைக்கு நேராக மறுபடி அழுத்தினேன். இரண்டாவது சுற்று முடிந்தபோதும் பதின்மூன்று. பாய் எட்டிப் பார்த்தார். எங்கள் ஊரில் பேசக் கற்ற பிள்ளைக்குக்கூடக் கிரிவலம் பதினான்கு கிலோமீட்டர் என்று தெரியும். "இன்னாம்மா, மலை சுருங்கிடுச்சா?" என்றார். அவர் கேலியாகக் கேட்கவில்லை.

மூன்றாவது சுற்றில், அடி அண்ணாமலை தாண்டி, ஓர் அப்பாவும் அவருடைய சின்ன மகளும் வெறுங்காலோடு நடந்துபோனார்கள். அவர் ஓர் அடி வைத்தால் அது இரண்டு அடி வைத்து ஓடியது. இருவரும் போகும் தூரம் ஒன்றுதான். அடியை எண்ணினால் மட்டும் அப்பாவுக்குக் குறைவு. அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. மீட்டர் சாலையை அளக்கவில்லை, சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்றுதான் எண்ணுகிறது. பழைய டயருக்கு ஏற்றபடி எண்ணப் பழகியது அது. டயர் உயர்ந்தால் ஒரு சுற்றில் அதிகத் தூரம் போகும், சுற்று குறையும், தூரத்தைக் குறைத்துக் காட்டும். வட்டத்தின் சுற்றளவு. நான் கணிதத்தில் பட்டம் வாங்கியவள்.

"பாய், நிறுத்துங்க, புடிச்சிட்டேன்" என்று கத்தினேன். "நிறுத்துனா டெஸ்ட்டு கெட்டுடும்மா, அஞ்சும் முடியட்டும்" என்று சொல்லி அவர் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தார். மீதிச் சுற்றுகளில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இருக்கையில் இருப்புக்கொள்ளாமல், கையால் வட்டம் போட்டு, அப்பாவையும் மகளையும் காட்டி, சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தேன். நான்காவது சுற்றில் அவருக்குப் பிடிபட்டது. எப்போதும் நாற்பதைத் தாண்டாதவர் சட்டென்று ஆக்சிலரேட்டரை அழுத்திவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு காலை எடுத்தார்.

ஐந்தும் முடித்துப் பங்கில் நின்றதும், வண்டிக்கு அடியில் தொங்கிய ஸ்டெப்னியை இறக்கினோம். சித்தப்பா நான்கு டயரைத்தான் மாற்றியிருந்தார், ஸ்டெப்னி பழையதுதான். அதை உருட்டி வந்து முன்சக்கரத்தின் பக்கத்தில் நிறுத்தினேன். மூன்று விரல் உயரம் குறைந்தது. டேங்கில் சரியாக ஆறு லிட்டர் பிடித்தது. மீட்டரை நம்பினால் அறுபத்தைந்து கிலோமீட்டர், அதே பத்தே முக்கால் சொச்சம். மலையை நம்பினால் எழுபது, பதினொன்றரைக்கு மேல். பழைய பன்னிரண்டுக்கு இன்னும் குறைவது அந்தக் கனத்த டயர்களின் சாப்பாடு. பாய் ஒரு சொட்டும் எடுக்கவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

அவர் தலையை ஆட்டினார். "எனக்குத் தெரியும்மா, எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது. எங்க சொன்னியோ அங்க சொல்லு. அந்த நாலு பேரும் இருக்கறப்ப சொல்லு" என்றார். இரண்டு பேர் அங்கேயே இருந்தார்கள். மற்ற இருவர் லோடு இறக்கிவிட்டு வரும்வரை, கடையைத் திறக்காமல், அந்த ஸ்டெப்னி மேலேயே உட்கார்ந்து காத்திருந்தேன். அவர்கள் வந்ததும் எழுந்து நின்று, "பாய் டீசல் எடுக்கல. நான்தான் தப்பா கணக்கு போட்டு அசிங்கமா பேசிட்டேன்" என்றேன். பிறகு டயரை உருட்டிக் காட்டி விளக்கினேன். அடுத்த பத்து நிமிடத்தில் நான்கு பேரும் அவரவர் வண்டிக்கு அடியில் குனிந்து முழம் போட்டுக்கொண்டிருந்தார்கள். செய்தி கேட்ட சித்தப்பா மட்டும், "அப்ப வண்டி நாம நெனச்சத விட ஜாஸ்தி ஓடியிருக்கு, நல்லதுதானே" என்று சொல்லிவிட்டு டயரைத் தடவிக்கொடுத்தார். பாய் அன்று மாலையே அந்தக் காகிதத்தை எழுதி ஒட்டினார்.

இதெல்லாம் நடந்து சில வருடங்களாகிவிட்டன. அந்த டயர்கள் தேய்ந்ததும் கம்பெனி அளவுக்கே திரும்பிவிட்டோம். இப்போது மீட்டர் பதினான்கைப் பதினான்காகவே காட்டுகிறது. காகிதத்தை மட்டும் நான் உரிக்கவில்லை. பாய் வாணியம்பாடியில் மகள் வீட்டோடு இருக்கிறார். எங்கள் வண்டியைச் செங்கத்துக்காரத் தம்பி ஒருவர் ஓட்டுகிறார். மூன்று வாரமாக மைலேஜ் பன்னிரண்டிலிருந்து பதினொன்றுக்கு இறங்கியிருக்கிறது. காற்று சரி, டயர் சரி, ஃபில்டர் சரி. நேற்று அவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும்போது என் நாக்கு நுனியில் ஒரு கேள்வி வந்து நின்றது. விழுங்கிவிட்டு, பாய்க்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டவர் வண்டியைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

"அந்தப் பையன் கிட்ட எதுனா சொல்லிட்டியாம்மா?" என்றுதான் கேட்டார்.

"இல்ல பாய்."

"யார்கிட்டயும்?"

"யார்கிட்டயும் சொல்லல."

"அப்ப சரி. மலைய சுத்திட்டு வந்து பேசு" என்றார்.

இன்று விடிந்ததும் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நானே ஓட்டி வந்தேன். பங்கில் கழுத்துவரை நிரப்பினோம்; நுரை அடங்கத் தோளால் தள்ளி ஆட்டியதும் நான்தான். ஏறி உட்கார்ந்ததும், "இது இன்னாக்கா, ஸ்கோரா?" என்று அவர் காகிதத்தைத் தொட்டுக் கேட்டார். அஞ்சு சுத்து இருக்குது, சொல்றேன் என்று சொல்லி மீட்டரைப் பூஜ்யமாக்கினேன்.