ஆற்றுமுக மீனின் காதுக்கல்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு இடுக்கி என்று பெயர். மீன் தலையைப் பிளந்து, அரிசிமணி அளவில் உள்ளே கிடக்கும் காதுக்கல்லைப் பிளாஸ்டிக் இடுக்கியால் எடுப்பது அவள் வேலை. இரும்பு இடுக்கியோடு யாராவது கிட்டே வந்தால் தொலைந்தார்கள். கல்லில் இரும்பு பட்டால் ஆய்வு கெடும் என்பாள். கத்த அவளுக்குக் காரணமே வேண்டாம் என்பது மற்றவர்கள் கட்சி.

அப்போது அவள் கோபமெல்லாம் பெரிய விசைப்படகு முதலாளிகள் மேல். குடாவை வழித்தெடுத்துவிட்டு, "மீனு நடுக்கடல்ல இருந்து வருது, அள்ள அள்ள வரும்" என்று வாய்கூசாமல் சொன்னார்கள். குடா மீன் அங்கேயே பிறந்து வளரும் தனிக்கூட்டம் என்று மீன்வளத் துறை விசாரணையில் காட்டினால், அவர்களைக் குடாவுக்கு வெளியே நிறுத்தலாம். இல்லையென்றால் அவள் தம்பி போன்ற சின்னப் படகுக்காரர்கள் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

காதுக்கல் வளையம் வளையமாக வளரும். மீன் எந்தத் தண்ணீரில் இருக்கிறதோ அதன் தடம் அந்தந்த வளையத்தில் பதியும். நடுவில் பிறந்த இடம், விளிம்பில் கடைசியாக இருந்த இடம். ஆய்வுக்கான மீனைத் தம்பிதான் பிடித்துக் கொடுத்தான்.

லேசர் கல்லைச் சுரண்டியது. ஆய்வை நடத்தும் மேடம் திரையைக் காட்டினார். "சில கல்லுல விளிம்பப் பாரும்மா. பேரியம் எகிறுது. இது ஆத்துத் தண்ணி."

குடாவில் எந்த ஆறும் கலப்பதில்லை. இடுக்கி கையுறையைக்கூடக் கழற்றாமல் படகுத்துறைக்கு ஓடினாள். தம்பி வலை பிரித்துக்கொண்டிருந்தான்.

"டேய்! ஆத்துமுகத்து மீன எவன்டா கலக்கச் சொன்னது?"

"கொஞ்சம்தான்க்கா. கல்லு நடுவுல பிறந்த எடம் தெரியும்னு நீதானே சொன்ன? ஆத்துமுகத்து மீனு நடுக்கடல்ல பிறந்திருக்காது. நம்ம பக்கம் கனமா இருக்கட்டுமேன்னு..."

"விளிம்புன்னு ஒண்ணு இருக்குடா, முட்டாள்!"

"அத நீ சொல்லவே இல்லையே!"

அது உண்மை. அதனால் கோபம் இரட்டிப்பானது.

"சரி, அத மட்டும் எடுத்துப் போட்டுடுக்கா. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமேடா! ஒரு தலையில திருட்டுன்னா கூடை பூரா திருட்டு. எத நம்பறது?"

"கல்லு இல்லாட்டி படகு போச்சுக்கா."

வழியில் கிடந்த ஐஸ் பெட்டியை ஓர் உதை விட்டாள். கால்விரல் வலித்தது, அதற்கும் அவனையே திட்டினாள்.

திரும்பிப் போய் மேடத்திடம் சொன்னாள்: "என் தம்பி பண்ணின வேலை. எல்லாத்தையும் தள்ளிடுங்க."

விசாரணைக்குக் கல் எதுவும் போகவில்லை. முதலாளிகள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். பெரிய படகுகள் குடாவிலேயே நின்றன.

மறுநாள் தம்பி படகை விற்க ஆள் கூட்டி வந்தபோது, இடுக்கி அந்தப் படகில் ஏறி உட்கார்ந்திருந்தாள். படகேறினாலே குடல் வாய்க்கு வரும் அவளுக்கு.

"விக்கறதெல்லாம் அப்புறம். மறுபடி மனு போடப் புதுசா மீன் பிடிக்கணும். ஒவ்வொண்ணும் என் கண்ணு முன்னாடி ஏறணும். அதுவரைக்கும் உனக்கும் புள்ளைங்களுக்கும் சாப்பாடு எங்க வீட்டுல. வாயைத் திறந்த, துடுப்பாலயே போடுவேன். எஞ்சின போடுடா!"