அலகுக்காக நிறுத்திய மாத்திரை

தலைச்சுற்றுக்காக எடுத்த ஸ்கேனைப் பார்த்த கண்டி டாக்டர், அப்பாவுக்கு ஏற்கனவே ஒரு பக்கவாதம் வந்து போயிருக்கிறது என்றார். கை கால் இழுக்கவில்லை, வாய் கோணவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. இன்னொன்று வராமலிருக்க, இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் சின்ன மாத்திரை ஒன்றைத் தந்தார். "ஒரு நாளும் விடக்கூடாது" என்று என்னிடம்தான் சொன்னார். நான் உள்ளங்கையில் வைப்பதை அப்பா கேள்வி கேட்காமல் விழுங்குவார்.

கம்பளைக்கு மேலே நாங்கள் முன்பு இருந்த தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அப்பா வருஷாவருஷம் அலகு குத்துவார். கன்னத்தில் வேல் ஏறும்போது இரத்தம் வரக்கூடாது. வந்தால் விரதத்தில் ஏதோ குறை என்று சனம் பேசும். அந்த வருஷம் சவரக்கத்தி பட்ட கீறலே அரை மணி நேரம் கசிந்தது. அந்த மாத்திரையின் வேலைதான் என்று புரிந்தது.

யாரையும் கேட்கவில்லை. பெரிய டாக்டர் மாதிரி, திருவிழாவுக்குப் பத்து நாள் முன்பே, பிரஷர் மாத்திரையை வழக்கம்போல வைத்துவிட்டு, அந்த மாத்திரையை மட்டும் நிறுத்தினேன். அப்பாவிடமும் சொல்லவில்லை.

வேல் ஏறியது. ஒரு சொட்டு இல்லை. சனம் அரோகரா போட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாளே மாத்திரையைத் திரும்பக் கொடுக்கத் தொடங்கினேன்.

இரண்டு மாதம் கழித்து, நாங்கள் இப்போது இருக்கும் கட்டுகஸ்தோட்டையில், கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழி அப்பாவுக்கு மறந்துபோனது. மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் புதிதாக ஒரு புள்ளி இருந்தது.

"குளிசை ஒழுங்கா குடுத்தனீங்களோ?" என்று யாழ்ப்பாணத்துக்காரரான அந்த டாக்டர் மாத்திரையைப் பற்றி என்னைக் கேட்டார்.

அப்பா முந்திக்கொண்டார். "எம் புள்ள ஒரு நாள் விட்டதில்லீங்க ஐயா. நான் முழுங்குனேனான்னு பாத்துட்டுத்தான் அந்தப் பக்கம் போகும்."

நான் தலையாட்டினேன். அப்பா முன்னால் சொல்ல வெட்கம். வேறு எந்தக் காரணம் சொன்னாலும் சாக்குதான்.

"அப்ப இது காணாது" என்று டாக்டர், ஒன்று போதாதென்று அதே வகையில் இன்னொரு மாத்திரையையும் சேர்த்து எழுதினார். நான் நிறுத்தியதால்தான் வந்ததா, எப்படியும் வந்திருக்குமா, தெரியாது. கேட்டால்தானே தெரியும். இப்போது லேசாக இடித்துக்கொண்டாலே அப்பாவின் கை நீலம் பாய்கிறது. அந்தக் கையில்தான் இந்த இரண்டு மாத்திரையையும் வைக்கிறேன். குற்றம் நெஞ்சை அறுக்கிறது. அடுத்த கிளினிக் நாளில் டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மூன்று கிளினிக் போய்விட்டது.