பாறைமேல் எடுத்த படம்

கண்ணாயிக்கு முப்பது வயசு இருக்கும். கொல்லிமலையில் குண்டனி நாட்டுக்காரி. சில ஊர்கள் சேர்ந்ததை அங்கே நாடு என்பார்கள். தேன் எடுக்கப் போன புருசன் பாறையிலிருந்து தவறி விழுந்து இறந்தபின் அண்ணன் கருப்பண்ணன் வீட்டில் இருந்தாள். சாமைக் காட்டில் பாடுபடுவாள். மிளகு மூட்டையைச் சுமந்துகொண்டு அடிவாரத்து முள்ளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்குவாள். மலையில் தாலியறுத்தவள் மறுபடி கட்டிக்கொள்வது வழக்கம்தான். யாராவது பெண் கேட்டு வந்தால், பார்க்கலாம் என்று சொல்லித் தள்ளிவிடுவாள்.

சின்னராசுவுக்கு அவள்மேல் இளவயதிலிருந்தே பிரியம். பட்டாளத்துக்குப் போனவன், ஜப்பான்காரனோடு நடந்த சண்டை முடிந்த மறுவருசம் ஊர் திரும்பினான். அசாம் முகாமில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி, நர்சம்மா ஒருத்தியை ஆற்றங்கரைக்கு அழைத்துப்போய், அவள் எதிர்பாராத நேரத்தில் கல்யாணம் கேட்டார். அவருடைய கூட்டாளி ஒருவர் அதைப் படம் பிடித்தார். அதைப் பார்த்ததிலிருந்து தானும் அப்படித்தான் கேட்க வேண்டும் என்று சின்னராசு ஆசைப்பட்டான்.

ராசிபுரத்தில் படம் பிடிக்கிற அர்த்தநாரியைப் பேசி மலைக்கு வரவழைத்தான். காமிராப் பெட்டி சுமக்கக் கண்ணாயியையே கூலிக்கு அமர்த்தினான். அவளுடைய சிநேகிதி பொன்னாயிக்கு மட்டும் சங்கதி தெரியும்; அவளும் கூட வந்தாள். யாரோ துரைக்காக மலையைப் படம் எடுக்கிறார்கள் என்று நம்பிக் கண்ணாயி பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

அருவிக்கரையில் கேட்பதாக ஏற்பாடு. போய்ப் பார்த்தால் ஒரே மஞ்சு, எதிரில் நிற்கிற ஆள் தெரியவில்லை. பொன்னாயி கால் வலிக்கிறதென்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அர்த்தநாரி வெளிச்சம் தேடி மலை விளிம்போரமாக நடந்தார். கீழே சமவெளி முழுக்கத் தெரிகிற ஒரு பாறை அவருக்குப் பிடித்துப்போயிற்று.

கண்ணாயியின் புருசன் விழுந்தது அங்கேதான். அவன் செத்த சேதி சின்னராசுவுக்குப் பட்டாளத்தில் இருந்தபோதே கிடைத்தது. இடம் தெரியாது.

பாறையின் உயரம் தெரிய ஓர் ஆள் நிற்கட்டும் என்றார் அர்த்தநாரி. அயலூர்க்காரரிடம் எதைச் சொல்வது? கண்ணாயி போய் நின்றாள். அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். சின்னராசு அவள் முன்னால் வந்தான்.

“கண்ணாயி, என்கூட வாழ வாரியா?”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து அர்த்தநாரி படத்தை எடுத்துவிட்டார்.

“எங்க ஊட்டுக்காரரு போனது இந்தப் பாறைலதான்” என்றாள்.

சின்னராசு பின்வாங்கி அவளுக்கு வழிவிட்டான். பெட்டியைத் தானே சுமந்து இறங்கினான். படம் பதிந்த கண்ணாடித் தகட்டை உடைத்துவிடும்படி அர்த்தநாரியிடம் கெஞ்சிக் கேட்டான். அவரும் தலையாட்டினார். ஆனால் படம் நன்றாக வந்துவிட்டதால் கடை வாசலில் மாட்டிவைத்தார். அவள் அழுவது அதில் தெரியவில்லை. வெட்கப்படுகிற கல்யாணப்பெண் மாதிரிதான் இருந்தாள். பார்த்தவர்கள் மலையில் வந்து, கண்ணாயிக்கும் சின்னராசுவுக்கும் கல்யாணமாமே என்று சொல்ல, தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவு செய்துவிட்டாளே என்று கருப்பண்ணன் தங்கையோடு பேச்சை நிறுத்திக்கொண்டான்.

நாட்டுப் பெரியவர்கள் கூடினார்கள். தப்பு முழுக்கத் தன்னுடையது என்றான் சின்னராசு. பேச்சு இவ்வளவு தூரம் வந்தபின் கட்டிவைப்பதுதான் மரியாதை என்றார்கள் அவர்கள். கண்ணாயி எழுந்து நின்றாள்.

“அவரு கெட்டவரு இல்லீங்க. ஆனா அவரு மொகத்தப் பாத்தா, அந்தப் பாறைமேல நிக்கறாப்பல இருக்குதுங்க. என்னால முடியாதுங்க.”

“வுட்டுருங்க” என்றான் சின்னராசு.

மறுநாளே ராசிபுரம் போய்ப் படத்தைக் கிழித்தான், தகட்டை உடைத்தான். அப்படியே ஏதோ எஸ்டேட் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

கருப்பண்ணன் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தான். சங்கதியை மறைத்த பொன்னாயிதான் வெகுநாள் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. மிளகு பறிக்கிற சமயத்தில் ஒருநாள் வந்து, மரத்தில் சாத்தியிருந்த மூங்கில் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாயி அவளைப் பார்த்தாள். கூடையை எடுத்துக்கொண்டு, அவள் பிடித்திருந்த ஏணியிலேயே மேலே ஏறினாள்.