மறுலோகத்தில் ஒரு "இஞ்சரப்பா"

இன்று மத்தியானம் கனடாவில், அஜக்ஸில் எங்கள் வீட்டுச் சோபாவில் நானும் கணவரும் ஒரு கொரியப் படம் பார்த்தோம்.

கதாநாயகி செத்துப்போகிறாள். கதாநாயகன் வாளோடு மறுலோகத்துக்கே போய், பறந்து பறந்து பேய்களை வெட்டுகிறான். அங்கே அவளுக்கு அவனை நினைவில்லை. அத்தனை ஆவிகளுக்கு நடுவே அவன் அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். அவள் மட்டும் திரும்பிப் பார்க்கிறாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் செத்தா நீங்களும் இப்பிடி வருவியளோ?" என்று கேட்டேன்.

"வாறதுக்கென்ன. அங்க பார்க்கிங் எப்பிடியோ தெரியாது."

"வந்து என்னெண்டு கூப்பிடுவியள்?"

கொஞ்சம் யோசித்தார். "இஞ்சரப்பா எண்டுதான்."

அதுதானே. 'இங்கே பாரப்பா' என்று எங்கள் ஊர்க் கணவன்மார் மனைவியைக் கூப்பிடுகிற சொல்; கலியாணம் கட்டிய நாளிலிருந்து எனக்கு அதுதான் பெயர். மறுலோக வாசலில் நின்று "இஞ்சரப்பா" என்றால், அங்கே இருக்கிற யாழ்ப்பாணத்துப் பெண்கள் எல்லாரும் திரும்புவார்கள். இவரும் முதலில் திரும்புகிறவளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார்.

"ஒருக்கா என்ரை பேரைச் சொல்லுங்கோ பாப்பம்."

வாயைத் திறந்தார். காது சிவந்தது.

"சும்மா இரும், வெக்கமாக் கிடக்கு."

பேய்களை வெட்டுவது இதைவிடச் சுலபம் போலிருக்கிறது.

பிறகு மெல்லக் கேட்டார்: "அப்ப நீர் என்ரை பேரைச் சொல்லுமன்."

நான் எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விட்டேன்.

உங்கள் வீடுகளில் எப்படி? செத்தால் பெயர் சொல்லித் தேடப்படக்கூடியவர்கள் யாராவது இருந்தால் கையை உயர்த்துங்கள்.